முள்தாடியும் மழித்த முகமும்: மலேசியத் தமிழ் இளைஞர்தம் முகத்தோற்றம் குறித்து

திருக்குறளின் கூடாவொழுக்கம் அதிகாரத்து இறுதிக் குறள் (280), முடியை மழிப்பதையும் நீள வளர்ப்பதையும் துறவுக்கோலத்தின் இரு வகைகளாக எடுத்துக்கொண்டு, உலகம் பழிக்கும் செயலை விட்டவனுக்கு இவ்விரண்டுமே தேவையில்லை என்கிறது. அக்குறள் உணர்த்தும் அறம் இக்கட்டுரையின் பொருளன்று. முடியைப் பற்றிப் பேசப் புகும்போது நம் மரபு இயல்பாகவே இரண்டு நிலைகளை மட்டும் எண்ணுகிறது என்பதே இங்குக் கருதத்தக்கது. ஒருவன் மழித்திருப்பான், அல்லது வளர்த்திருப்பான். இன்று பிரிக்பீல்ட்சிலோ கிள்ளானிலோ ஈப்போவிலோ நாம் காணும் தமிழ் இளைஞர் பலர் இவ்விரண்டிலும் சேராதவர்கள். அவர்தம் முகத்தில் இருப்பது சில நாள் வளர்ச்சியே கொண்ட முடி. அது தாடியாக நீள விடப்படுவதுமில்லை, முற்றாக மழிக்கப்படுவதுமில்லை. இந்த இடைநிலையை ஆசிரியரும் பெற்றோரும் சோம்பலின் அடையாளமாகவே பெரும்பாலும் கொள்கின்றனர். இளைஞர் அதனை ஒப்பனையாகக் கருதுகின்றனர். இவ்விரு வாசிப்புகளுக்கும் இடையே உள்ள தொலைவு எங்கிருந்து வந்தது என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

முதலில் பெயர் பற்றிய இடர்ப்பாடு ஒன்றுண்டு. குறுந்தாடி என்னும் சொல் மோவாயில் மட்டும் வைக்கப்படும் தாடிக்கே மிகுதியும் வழங்குகிறது. அரும்புமீசை, இளந்தாடி ஆகியவை வயதைக் குறிப்பவை. 'மூன்று நாள் தாடி' என்னும் வழக்கிலோ, மூன்று நாளாகச் சவரம் செய்ய மறந்தவன் என்ற குறிப்பு ஒட்டிக்கொண்டே வருகிறது. இளைஞர்கள் 'ட்ரிம் பண்ணிய தாடி' என்று சொல்லி நகர்ந்துவிடுகின்றனர். தடவினால் முள்ளாகக் குத்துவது கருதி, இக்கட்டுரையில் முள்தாடி என்னும் சொல் பயன்படுத்தப்படுகிறது. இதனினும் பொருத்தமான சொல்லை எவரேனும் தருவாராயின் ஏற்றுக்கொள்ளலாம்.

முகமுடி நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.3 முதல் 0.5 மில்லிமீட்டர் வளர்கிறது. மூன்று நாளில் ஒரு மில்லிமீட்டரைத் தொட்டுவிடும் முடி, இரண்டு வாரத்தில் முள்தாடி என்னும் நிலையைக் கடந்துவிடும். ஆகவே முள்தாடியை முள்தாடியாகவே வைத்திருக்க விரும்புபவன், இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மின்கத்தரியால் அதனை ஒரே அளவுக்குக் குறைக்க வேண்டும். கன்னத்தின் மேற்கோட்டையும் கழுத்தின் கீழ்க்கோட்டையும் சவரக்கத்தியால் வரைய வேண்டும். கிருதா தலைமுடியோடு படிப்படியாக மங்கிச் சேர வேண்டும். காலையில் ஐந்து நிமிடத்தில் முழுமுகத்தையும் மழித்துவிட்டு வேலைக்குப் புறப்படும் தந்தையைக் காட்டிலும், மகன் கண்ணாடியின் முன் கூடுதலான நேரத்தைச் செலவிடுகிறான். அலட்சியம் என்று தந்தை கண்டிக்கும் தோற்றம் உண்மையில் அலட்சியத்திற்கு நேர்மாறானது.

எனினும் தந்தையின் வாசிப்பு அடிப்படையற்றது என்று ஒதுக்கிவிடுதல் இயலாது. தமிழர் வாழ்வில் சவரம் செய்யாத முகம் எப்பொழுதும் ஏதேனும் ஒன்றை அறிவித்தே வந்துள்ளது. மாலையணிந்த ஐயப்ப பக்தர் 41 நாள் விரதத்தில் முகத்தில் கத்தி படவிடுவதில்லை. தைப்பூசத்திற்குப் பத்துமலையில் முடியிறக்க நேர்ந்துகொண்டவர் அந்நாள் வரை முடியை வளர்ப்பதுண்டு. மனைவி கருவுற்றிருக்கும் காலத்தில் கணவன் சவரம் செய்யலாகாது என்னும் வழக்கத்தைத் தோட்டப்புறத்தில் வளர்ந்த மூத்தோர் நன்கறிவர். இறப்பு வீட்டில் இது தலைகீழாகிறது. அங்கு மகன் தலையையும் மீசையையும் மழித்துக்கொள்கிறான். எஞ்சிய துக்க நாள்களில் முகத்தை அப்படியே விட்டுவிடுகிறான். இவை அனைத்திலும் பொதுவாக உள்ளது ஒன்றே. முகமுடியை வைப்பதும் எடுப்பதும் அவனது விருப்பத்தினால் நிகழ்வதன்று. நோன்போ பிறப்போ இறப்போ அதனை முடிவு செய்கிறது. "ஏன் தாடி? என்ன விசேஷம்?" என்று இன்றும் உறவினர் கேட்பது இவ்வழக்கத்தின் எச்சமே. "சும்மாதான்" என்னும் இளைஞனின் விடை அவர்களுக்கு விடையாகவே படுவதில்லை.

இவற்றோடு காதல் தோல்வியையும் சேர்த்துக்கொண்டது தமிழ்த் திரைப்படம். தேவதாஸ் (1953) தொட்டுப் பல பத்தாண்டுகள், திரையில் தாடி முளைத்தால் நாயகன் காதலை இழந்தான் என்று பார்வையாளர் சொல்லாமலே உணர்ந்தனர். அக்காலத்து நாயகர் மகிழ்ச்சியான காட்சிகளில் மழித்த கன்னமும் மெல்லிய மீசையுமாகவே வருவர். துன்பம் தொடங்கியதும் முகம் இருளும். ஒரு தலைமுறை முழுதும் இக்குறியீட்டில் பயின்றிருக்கையில், வகுப்பறையில் அமர்ந்திருக்கும் முள்தாடி இளைஞனைப் பார்த்து "இவனுக்கு வீட்டில் ஏதோ சிக்கல்" என்று ஆசிரியர் எண்ணுவது வியப்பன்று.

ஆனால் நம் மரபில் இளமைத்தாடிக்கு வேறொரு பொருளும் இருந்தது என்பதைத் தமிழாசிரியர்கள் நினைவுகூர்தல் தகும். தாடிக்குச் சங்கச் சொல் அணல். புறநானூற்றின் 83ஆம் பாடலில் நக்கண்ணையார், போரவைக்கோப் பெருநற்கிள்ளியின்பால் தாம் கொண்ட காதலைக் கூறுமிடத்து, அவனை மைபோன்ற கரிய அணலையுடைய காளையாகவே குறிப்பிடுகிறார். அங்கு அணல் துயரத்தின் குறியன்று, நோன்பின் குறியுமன்று. பெண்ணொருத்தி கண்டு மயங்கும் இளமையின் பொலிவு அது. இன்றைய இளைஞன் இப்பாடலைப் படித்துத் தாடி வைத்தான் என்று எவரும் சொல்லார். எனினும் தாடியை அழகாகக் காண்பது மேனாட்டு இறக்குமதி என்று வாதிடுவோர் இப்பாடலுக்கு விடை கூற வேண்டும்.

திரையின் குறியீடும் இடையில் மாறிவிட்டது. மலேசியத் தமிழரைப் பொறுத்தவரை இம்மாற்றத்தின் உச்சம் 2016 ஜூலையில் வெளிவந்த கபாலி எனலாம். பா. ரஞ்சித் இயக்கிய அப்படத்தில், சிறையிலிருந்து மீளும் மலேசியத் தமிழராக வரும் ரஜினிகாந்த், நரைகலந்த தாடியோடும் கோட்டு சூட்டோடும் தோன்றினார். தாடியும் உயர்ந்த உடையும் ஒரே உடலில் இணைந்தது சிறிய செய்தியன்று. தாடி என்றால் உடையும் கலைந்திருக்க வேண்டும் என்பதே தேவதாஸ் காலத்து இலக்கணம். புதிய இலக்கணத்தில் தாடி அளவெடுத்து வெட்டப்படுகிறது, உடை தேய்த்து மடிக்கப்படுகிறது. அதே வேளையில் அப்படம் குண்டர் கும்பல்களின் உலகைக் காட்டியது என்பதையும் மறுப்பதற்கில்லை. தமிழ் இளைஞனின் தாடியைக் கண்டு ஐயுறும் பிற இனத்தவர்க்கும் நம்மவர்க்கும் அது ஒரு படிமத்தைத் தந்துவிட்டது.

பல்லின நாட்டில் இச்சிக்கல் மேலும் கூர்மையாகிறது. ஒரே நீளத் தாடி, அதனை வைத்திருப்பவரின் இனத்தைப் பொறுத்து வெவ்வேறாக வாசிக்கப்படுகிறது. மலாய்க்காரரின் தாடி சமயப்பற்றாகவும் சீக்கியரின் தாடி மறைக் கடமையாகவும் மதிக்கப்படுகின்றன. தமிழ் இளைஞனின் தாடிக்கு அத்தகைய சமயக்காப்பு இல்லை. விரத காலத்தைத் தவிர்த்தால் அவனது தாடி அவனது விருப்பம் மட்டுமே. வெறும் விருப்பத்தை மதிக்க நாம் இன்னும் பழகவில்லை என்றே தோன்றுகிறது. வேலை நேர்காணலுக்குச் செல்லும் மகனிடம் "முகத்தை வழித்துவிட்டுப் போ" என்று தாய் வற்புறுத்துவதில் இந்த அச்சம் அடங்கியுள்ளது.

அண்டை நாடான சிங்கப்பூரில் முடி அரசின் கவனத்திற்கே உரியதாக இருந்த காலமொன்றுண்டு. 1970களில் நீண்ட முடி வைத்த ஆடவர்க்கு அலுவலகங்களில் இறுதியாகவே சேவை வழங்கப்படும் என்று சுவரொட்டிகள் ஒட்டப்பட்டன. நெற்றியில் புருவத்தைத் தொடும் முடி, காதை மூடும் முடி, சட்டைக் கழுத்துப்பட்டைக்குக் கீழிறங்கும் முடி என்று படம் வரைந்து அளவும் காட்டப்பட்டது. அவ்வளவுகளில் தாடி இடம்பெறவில்லை. அக்கால அச்சம் ஹிப்பிகளின் தலைமுடியைப் பற்றியது.

முள்தாடி உருவாகும் இடம் முடிதிருத்தகமே. மலேசிய இந்திய முடிதிருத்தகத்தை அறிந்தவர்க்கு அதன் ஒழுங்கு மனப்பாடம்: கத்தரி, மின்கத்தரி, நுரை, கத்தி, இறுதியில் எரிச்சல் தணிக்கும் படிகாரம், கேட்டால் தலைமசாஜ். தோல்வாரில் தீட்டிய பழைய கத்தி மறைந்து, ஒவ்வொருவருக்கும் புதிய பிளேடு மாற்றும் கத்தி வந்துவிட்டது. இளைஞர் அங்குப் பேசும் மொழியும் புதியது. 'நம்பர் 1' என்றால் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர், 'நம்பர் 2' என்றால் 6. தந்தைமார் "நல்லா வழிச்சிடுங்க" என்று ஒரு சொல்லில் முடித்த உரையாடல், இன்று அளவுகளும் கோடுகளும் மங்கல்களுமாக நீள்கிறது. சாதியின் பெயரால் தாழ்த்தப்பட்ட இத்தொழிலைக் கடைக்காரர்தம் பிள்ளைகள் பலர் தொடர விரும்பவில்லை. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளரே கடைகளைத் தாங்கினர். 2009 முதல் முடிதிருத்தும் துறைக்கு அயலகத் தொழிலாளரை எடுப்பது முடக்கப்பட்டது. துணிக்கடை, பொற்கொல்லர் துறைகளையும் சேர்த்து 7,500 பேரை அனுமதிக்கும் அறிவிப்பு 2023இல்தான் வந்தது. முகஒப்பனையில் இளைஞர் கூடுதல் அக்கறை காட்டிய அதே ஆண்டுகளில் அதனைச் செய்துதரும் நம் கடைகள் கைகளின்றித் தவித்தன. அந்த இடைவெளியில் மலாய் இளைஞர் நடத்தும் நவீனப் பார்பர் கடைகள் நகரங்களில் பெருகின. நம் இளைஞரும் அங்குச் செல்கின்றனர்.

தாடி ஏன் வருகிறது, ஏன் போகிறது என்பது பற்றி ஆய்வாளர் சிலர் எண்ணிப் பார்த்துள்ளனர். 1976இல் டுவைட் ராபின்சன், இலண்டன் படஇதழ் ஒன்றில் 1842 முதல் 1972 வரை வெளியான ஆடவர் படங்களை ஆண்டுவாரியாகக் கணக்கிட்டார். தாடியின் உச்சம் 1892ஐ ஒட்டி அமைந்தது. ஜில்லெட்டின் பாதுகாப்புச் சவரக்கருவி விற்பனைக்கு வந்த 1903இல் விற்றவை 51 மட்டுமே. ஆகவே கருவி வந்ததால் தாடி போயிற்று என்பது பொருந்தாது. தாடி முன்னரே சரியத் தொடங்கிவிட்டது. ஆஸ்திரேலியாவில் டிக்சன், புரூக்ஸ் ஆகியோர் 2013இல் வெளியிட்ட ஆய்வில், மழித்த முகம், ஐந்து நாள் முடி, பத்து நாள் முடி, முழுத்தாடி ஆகியவற்றைக் கண்ட பெண்கள் பத்து நாள் முடிக்கே கவர்ச்சியில் மிகுந்த மதிப்பளித்தனர். 2014இல் வெளிவந்த தொடர் ஆய்வு, சுற்றிலும் தாடி அரிதாக இருக்கும்போது தாடி கூடுதல் அழகாகத் தெரிகிறது என்றது. மழித்த முகத்திற்கும் அவ்வாறே. மேனாட்டுப் பெண்களிடம் பெரிதும் செய்யப்பட்ட ஆய்வை நம் இளைஞருக்கு அப்படியே பொருத்துதல் முறையன்று. ஆயினும் எல்லார் முகத்திலும் முள்தாடி நிறைந்துவிட்டால் மழித்த முகம் மீண்டும் புதுமையாகும் என்று ஊகிக்கலாம்.

இனி, பள்ளிக்கு வருவோம். நம் இடைநிலைப்பள்ளிகளில் ஆண் மாணவர் தாடியும் மீசையும் வைத்தல் பொதுவாகத் தடைசெய்யப்பட்டுள்ளது. எஸ்.பி.எம். தேர்வின் இறுதித்தாளை எழுதிய மறுநாளே பல முகங்களில் கத்தி ஓய்வெடுக்கத் தொடங்குவதன் காரணம் இதுவே. விதி இருக்கும்வரை அதனை நடைமுறைப்படுத்துவது கட்டொழுங்கு ஆசிரியரின் கடமை. ஆனால் அவர் அறிந்திருக்க வேண்டிய உடற்செய்திகள் சில உள்ளன.

அடிக்கடி மழித்தால் முடி தடித்து வளரும் என்று மாணவரும் பெற்றோரும் நம்புகின்றனர். 1928இலேயே மில்ட்ரெட் டிராட்டர் இதனை அளந்து பார்த்து, மழிப்பதால் முடியின் தடிப்போ வளர்வேகமோ மாறுவதில்லை என்று காட்டினார். வெட்டுப்பட்ட நுனி மழுங்கியிருப்பதால் சொரசொரப்பாகப் படுகிறது, அவ்வளவே. மேலும், முகமுடி எல்லார்க்கும் ஒரே வயதில் நிறைவதில்லை. இருபதுகளின் பிற்பகுதியில்தான் பலர்க்குக் கன்னம் நிறைகிறது. இதனை அறியாத பதினெட்டு வயதினர், தலைமுடிக்கென உருவான மினாக்சிடில் மருந்தை வாங்கிக் கன்னத்தில் தடவுகின்றனர். முதலில் இரத்த அழுத்தத்திற்கு உட்கொள்ளக் கொடுக்கப்பட்ட மருந்து அது. மருத்துவர் அறிவுரையின்றிப் பயன்படுத்தத் தக்கதன்று.

மிகவும் கவனிக்கப்பட வேண்டியவன் சுருள்முடி மாணவன். ஒட்ட மழிக்கப்பட்ட சுருள்முடி, கூரிய நுனியோடு தோலுக்குள் வளைந்து இறங்கி, கழுத்திலும் தாடையிலும் சிவந்த கட்டிகளை உண்டாக்குகிறது. மேலும் மழித்தால் புண்ணாகும். ஆறியபின் கருந்தழும்பு தங்கும். நம் வெப்பமும் வியர்வையும் எரிச்சலைக் கூட்டுகின்றன. அமெரிக்கப் படைத்துறையிலேயே இந்நோய் உடையவர்க்கு மருத்துவச் சான்றின்பேரில் சவரத்திலிருந்து விலக்கு வழங்கப்பட்டு வந்துள்ளது. இதற்குத் தரப்படும் முதல் மருத்துவம், சில வாரம் கத்தியை நிறுத்துவதும் பின்னர் ஒரு மில்லிமீட்டர் அளவாவது முடியை விட்டு மின்கத்தரியால் வெட்டுவதுமே. அந்த ஒரு மில்லிமீட்டர், காலை வரிசையில் நிற்கும் ஆசிரியரின் கண்ணுக்கு முள்தாடியாகவே தெரியும். அவனைத் தண்டனைக்கு அனுப்புவதற்கு முன் கழுத்தைச் சற்று உற்றுநோக்கி, கட்டிகள் தென்பட்டால் மருத்துவக் கடிதம் கொண்டுவரச் சொல்லி, அதனைப் பெயர்ப்பதிவேட்டோடு இணைத்து வைத்தல் எளிதாகச் செய்யக்கூடியது.