மழைக்கால வேட்டைக்கான உடைத் தேர்வு

மழைக்கால வேட்டையுடை என்பது, தொடர்மழையில் பல மணி நேரம் வேட்டையாடுவோர் அணியும் நீர்புகா ஜாக்கெட், காற்சட்டை, தலைமூடி, காலணி ஆகியவற்றைக் குறிக்கும். நகரில் அணியும் ரெயின்கோட்டின் வேலை மழையைத் தடுப்பது மட்டுமே. வேட்டையுடையோ மலையேறும்போது சுரக்கும் வியர்வையை வெளியேற்ற வேண்டும். அசையாமல் காத்திருக்கும்போது உடல் வெப்பத்தைக் காக்க வேண்டும். சத்தமும் எழுப்பக் கூடாது. இவை ஒன்றுக்கொன்று முரண்படும் தேவைகள். எனவே, இடத்தையும் வேட்டையாடும் முறையையும் பொறுத்தே உடை தேர்ந்தெடுக்கப்படுகிறது.

இடமும் காலநிலையும்

இத்தேர்வின் முக்கியத்துவத்தை அலாஸ்காவின் தென்கிழக்குக் கரையில் தெளிவாகக் காணலாம். ஏறத்தாழ 68,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள டோங்காஸ் தேசியக் காடு அங்குள்ளது. இது ஒரு மிதவெப்ப மழைக்காடு. இப்பகுதியிலுள்ள கெச்சிகன் நகரில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டருக்கும் அதிகமாக மழை பொழிகிறது. சிட்கா கருவால் மான் வேட்டை மும்முரமாக நடக்கும் இலையுதிர்காலமே அங்கு மழை மிகுந்த பருவமும் ஆகும். மழை விட்டபின் போகலாம் என்று காத்திருந்தால் பல நாட்கள் வேட்டையே நடக்காது.

குளிரும் ஈரமும்

உடலின் உள்வெப்பநிலை 35 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்குவது உடல்வெப்பக் குறைவு எனப்படும். இது பனியில் மட்டும் நேர்வதன்று. நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்துவதால், நனைந்த உடையும் காற்றும் சேர்ந்தால் 5 முதல் 10 பாகை வெப்பநிலையிலும் இந்நிலை ஏற்படும். நடுக்கம், விரல்கள் மரத்துப்போதல், பேச்சுக் குழறல், தெளிவற்ற முடிவுகள் ஆகியவை இதன் அறிகுறிகள். சிந்தனை மங்குவதால், பாதிக்கப்பட்டவர் தம் நிலையைத் தாமே உணராமல் போகலாம். கையில் துப்பாக்கியும் சுற்றிலும் பாதையற்ற காடும் இருக்கும்போது இது உயிருக்கு ஆபத்தானது.

மழையால் மட்டுமன்றி வியர்வையாலும் உடை நனையும். இறுக மூடிய ஜாக்கெட்டுடன் மலையேறுபவர் உச்சியை அடையும்போது உள்ளாடை நனைந்திருக்கும். அங்கே மானுக்காக அசையாமல் அமர்ந்ததும் அந்த ஈரம் உடலைக் குளிர்விக்கத் தொடங்கும்.

துணி வகைகள்

வேட்டைக்காரர்கள் இச்சிக்கலைப் பழங்காலத்திலேயே எதிர்கொண்டனர். அலாஸ்காவின் மேற்கே அலூசியன் தீவுகளில் வாழும் உனாங்கன் மக்கள், கடல் சிங்கம் போன்ற விலங்குகளின் குடலைக் காயவைத்து, பட்டைகளாகத் தைத்து, எடை குறைந்த நீர்புகா அங்கிகளை உருவாக்கினர். கயாக் படகில் கடல் வேட்டைக்குச் செல்வோர் இவற்றை அணிந்தனர்.

ரப்பர் அல்லது பி.வி.சி. பூசிய உடை நீரை முற்றிலும் தடுக்கும். முள்ளும் கிளையும் உரசினாலும் எளிதில் கிழியாது. ஆனால் வியர்வை ஆவி வெளியேறாது. படகில் செல்வோருக்கும் ஓரிடத்தில் அமர்ந்திருப்போருக்கும் இது ஏற்றது.

சவ்வு பதித்த துணியில் நுண்துளைகள் இருக்கும். நீர்த்துளி இவற்றில் நுழையாது; நீராவி வெளியேறும். 1969இல் ராபர்ட் கோர் கண்டறிந்த விரிவாக்கப்பட்ட பி.டி.எஃப்.இ. என்னும் பொருளிலிருந்து கோர்-டெக்ஸ் உருவானது. நடந்து தேடுவோருக்கு இவ்வகை பொருந்தும். எனினும், வெளியே காற்று ஈரத்தால் நிறைந்திருக்கும்போது ஆவி மெதுவாகவே வெளியேறும். எனவே அக்குளில் ஜிப் வைத்த ஜாக்கெட் பயனுள்ளது.

உள்ளாடைக்குக் கம்பளி அல்லது பாலியெஸ்டர் ஏற்றது. பருத்தி நீரை உறிஞ்சி உடலோடு ஒட்டிக்கொள்ளும், எளிதில் காயாது.

தேர்வில் கவனிக்க வேண்டியவை

நீர்தாங்கு அளவு: துணியின் மேல் நிறுத்தும் நீர்த்தூண் எந்த உயரத்தை எட்டும்போது கசிவு தொடங்குகிறது என்பதே இந்த அளவு. இது மில்லிமீட்டரில் குறிக்கப்படும். ஈரத்தரையில் அமரும்போதும், மண்டியிடும்போதும், இறைச்சிச் சுமையின் பட்டை தோளை அழுத்தும்போதும் மழைத்துளியைவிட அதிக அழுத்தம் ஏற்படுகிறது. அதனால் காற்சட்டையின் முழங்கால், இருக்கைப் பகுதிகளும் ஜாக்கெட்டின் தோள் பகுதியும் உறுதியாக இருக்க வேண்டும். தையல்களின் மேல் நீர்புகா நாடா ஒட்டப்பட்டிருப்பதும் அவசியம்.

சத்தம்: வழவழப்பான நைலான், கிளையில் உரசினால் சரசரக்கும். பலத்த மழையின் ஓசை அதை மறைக்கும், தூறலில் மறைக்காது. மென்மையான மேற்பரப்புள்ள துணி சத்தம் எழுப்பாது, ஆனால் அதிக நீரை ஏந்திக் கனக்கும்.

தலைமூடி: ஆழமான தலைமூடி மழையை நன்கு தடுத்தாலும், பக்கப் பார்வையையும் செவியையும் மறைக்கும். அட்மிரால்டி, பாரனாஃப், சிச்சகாஃப் தீவுகளில் மானுடன் பழுப்புக் கரடிகளும் வாழ்கின்றன. அங்கே இக்குறை ஆபத்தாகலாம். தலையோடு திரும்பும் மூடியும் விளிம்புள்ள தொப்பியும் இதைக் குறைக்கும்.

பராமரிப்பு

சவ்வுத் துணியின் வெளிப்புறத்தில் நீரை உருட்டிவிடும் பூச்சு இருக்கும். அழுக்கும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்தால் வெளித்துணி நீரை உறிஞ்சும். ஆவி வெளியேறுவதும் தடைபடும். உடை கிழியாமலேயே உட்புறம் ஈரமாவதற்கு இது பொதுவான காரணம். தயாரிப்பாளரின் குறிப்பின்படி துவைத்து இளஞ்சூட்டில் உலர்த்தினால் பூச்சு பெரும்பாலும் மீளும். மீளாவிட்டால் புதிதாகப் பூசலாம்.

பயன்படுத்தும் முறை

அனுபவமுள்ள வேட்டைக்காரர்கள் ஏறத் தொடங்குமுன் ஓர் அடுக்கைக் கழற்றிவிடுவர். வியர்க்காத வேகத்தில் நடப்பர். உச்சியை அடைந்ததும் நனைந்த உள்ளாடையை மாற்றி, வெப்பம் காக்கும் அடுக்கை அணிவர். மாற்றுடை, கையுறை, நெருப்பு மூட்டும் பொருள்கள் ஆகியவற்றை நீர்புகாப் பையில் வைத்திருப்பர். எத்தனை தரமான உடையும் நாள் முழுதும் பெய்யும் மழையில் எங்கேனும் நனையக்கூடும். ஆகவே உலர்ந்த மாற்றுடையும், நடுக்கம் தொடங்கியதுமே திரும்பிவிடும் முடிவும் மழையுடையைப் போலவே இன்றியமையாதவை.