தலைப்பிரட்டையின் தொன்மை

தவளையின் முட்டையிலிருந்து வெளிப்படுவது தவளையன்று. வாலுடன் நீந்தும் தலைப்பிரட்டையே. இவ்விருநிலை வாழ்க்கை ஆதித் தவளைகளுக்கும் இருந்ததா, அன்றிப் பிற்காலத்தில் தோன்றியதா என்பது ஆராய்ச்சியாளரின் நெடுநாளைய ஐயம். மடகாஸ்கரில் சுமார் 25 கோடி ஆண்டுத் தொன்மையுடைய தவளை முன்னோடியின் எலும்புகள் கிடைத்துள்ளன. எனினும், மெல்லுடல் படைத்த தலைப்பிரட்டை விரைவில் அழுகிவிடுவதால் அதன் சுவடு அரிது.

2020-ஆம் ஆண்டில் அர்ஜென்டினாவின் பட்டகோனியாவில் நோட்டோபட்ராக்கஸ் என்னும் தவளையின் தலைப்பிரட்டை கல்லிற் பதிந்து கிடைத்தது. அதன் வயது சுமார் 16 கோடி ஆண்டு. நீளம் ஏறத்தாழ 16 செ.மீ. இன்றைய தலைப்பிரட்டைகளைப் போன்றே அதுவும் நீரை வடிகட்டி உண்டதென்பதை, செவுள்களைத் தாங்கும் குருத்தெலும்புகளைக் கொண்டு 2024-இல் வெளியான ஆய்வு புலப்படுத்தியது. ஆகவே, இன்று குளங்களில் நாம் காணும் இவ்வளர்ச்சி முறை டைனோசர்கள் உலவிய காலத்திலேயே நிலைபெற்றிருந்தது எனலாம்.