கிரிப் ஜாஸ்தியானா கவிழும், தம்பி!

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு அலாரம் வைத்து எழுந்து, பல் தேய்த்து, பொம்மைக் கார் விடக் கிளம்பும் முப்பத்திரண்டு வயது ஆசாமியை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? 2011-ல் கோலாலம்பூரில் அப்படி ஒருவன் இருந்தான். நான்தான்.

ஆபீஸில் மூன்று வருஷ போஸ்டிங்கில் அனுப்பியிருந்தார்கள். திங்கள் முதல் வெள்ளி வரை கம்ப்யூட்டர். சனி, ஞாயிறு? கூட வேலை பார்த்தவர்கள் கோல்ஃப் ஆடினார்கள், மீன் பிடித்தார்கள். நான் செகண்ட்ஹேண்டில் ஒரு நைட்ரோ கார் வாங்கினேன். வீட்டில் விலையில் மூன்றில் ஒரு பங்கைத்தான் சொன்னேன். (இதைப் படித்தால் மீதியும் தெரிந்துவிடும். பரவாயில்லை, வண்டியை விற்றாகிவிட்டது.)

பொம்மை என்றால் அங்கே கோபித்துக்கொள்வார்கள். நிஜக் காரில் பத்தில் ஒரு பங்கு. அகலம் 200 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. எஞ்ஜின் 2.11 சி.சி. அரை டீஸ்பூன்கூட இல்லை. ஆனால் நிமிஷத்துக்கு 30,000 சுற்றுக்கு மேல் சுற்றும். இரண்டு கியர், நாலு சக்கரத்துக்கும் பெல்ட் வழியாக இழுவை, நீளமான நேர்ப்பாதை கிடைத்தால் மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தொடும். குடிப்பது பெட்ரோல் அல்ல. மெத்தனால், நைட்ரோமீத்தேன், கூடவே எண்ணெய். பல கம்பெனி சரக்கில் அந்த எண்ணெயில் விளக்கெண்ணெயும் சேர்த்தி! சின்ன வயதில் பாட்டி மூக்கைப் பிடித்து ஊற்றிய அதே சமாசாரம் புகையாக வெளியே வருகிறது. அதை மோந்து பார்த்து 'ஆஹா' என்கிறவர்கள்தான் எங்கள் ஜாதி.

டேங்க் 75 சி.சி. நாலரை நிமிஷத்தில் காலி. அதனால் மேடைமேல் ரிமோட்டோடு நிற்கும் டிரைவருக்குக் கீழே ஒரு ஆள் வேண்டும். பாய்ந்து வரும் வண்டியைத் தூக்கி, மூடியைத் திறந்து, பீச்சி அடித்து, இரண்டு மூன்று நொடியில் திருப்பி விடுகிற ஆள்.

எனக்கு வாய்த்தவர் ஓர் அண்ணன். கிள்ளானில் லாரி ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். ஐம்பத்தெட்டு வயது. ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். அம்மா பால்மரம் வெட்டியவர். அவர் என்னை 'தம்பி' என்பார், ஆனால் 'நீங்க' போட்டுத்தான் பேசுவார். என் வண்டியை மட்டும் 'அது'.

அன்றைக்கு கிளப் பந்தயம். காலையில் பிராக்டீஸ், மத்தியானம் தகுதிச் சுற்று, சாயங்காலம் நாலரைக்கு அரை மணி நேர ஃபைனல்.

முந்தின ராத்திரி நல்ல மழை. எட்டு மணிக்கு வண்டியை இறக்கினால் பின்பக்கம் வாழைப்பழத் தோல்மேல் நடப்பதுபோல் வழுக்கிக்கொண்டு போனது. காரணம் உண்டு. இந்த வண்டிகளின் டயர் காற்றடைத்தது இல்லை, ரப்பர் ஸ்பாஞ்ச். ஓட ஓடத் தேய்ந்து தன் ரப்பரைத் தார்மேல் பூசிக்கொண்டே போகும. அந்தக் கறுப்புக் கோடுதான் கிரிப். பத்து வண்டி நாள் முழுக்கப் பூசியதை ஒரு மழை கழுவிவிடும். வெயிலும் சேர்ந்துகொள்ளும்: குளிர்ந்த தார் வழுக்கும், சூடேறினால் கவ்வும். ஆக, காலையில் நீங்கள் பார்த்த டிராக் வேறு, மத்தியானம் ஓட்டப்போகிற டிராக் வேறு. பெயர் மட்டும் ஒன்று.

நான் கம்ப்யூட்டர்காரன் இல்லையா? வேகமாக முடிவெடுத்தேன். பின்பக்கம் மெத்தென்ற ஸ்பிரிங். பின்னால் இன்னும் மெதுவான டயர். (ஸ்பாஞ்சின் கெட்டித்தன்மைக்கு 'ஷோர்' என்று ஒரு எண் உண்டு, எண் குறைந்தால் மெது. 37-ஐக் கழற்றி 35 போட்டேன்.) முன்னாலும் ஒரு படி மெதுவாக்கினேன். பின் விங்கை நிமிர்த்தினேன். பின்சக்கரங்களை உள்பக்கமாக இன்னும் கொஞ்சம் திருப்பினேன். டயரில் தடவும் பசைத் தைலத்தைத் தாராளமாகத் தடவி ஊறவைத்தேன். ஆறு மாற்றம், இருபது நிமிஷத்தில்!

வண்டி தண்டவாளத்தில் போவதுபோல் போயிற்று. அண்ணனைப் பெருமையாகப் பார்த்தேன். அவர் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே, "எதுனால சரியாச்சு, தம்பி?" என்றார்.

"எல்லாத்தாலயும்தான் அண்ணே."

"ம்" என்று சம்பாலைத் தொட்டுக்கொண்டார்.

பன்னிரண்டரை மணி. மலேசிய வெயில். தாரில் கை வைக்க முடியவில்லை. காலையிலிருந்து ஓடியவர்கள் பூசிய ரப்பர் வளைவுகளில் பளபளவென்று கறுத்திருந்தது. தகுதிச் சுற்றின் முதல் இரண்டு ரவுண்டில் என் சொந்த சாதனையையே முறியடித்தேன். 'கிரிப்னா இதுதான்டா' என்று மனசுக்குள் ஒரு குத்தாட்டம்.

மூன்றாவது ரவுண்ட். நேர்ப்பாதை முடிகிற இடத்தில் ஒரு வேக வளைவு. வண்டி வளைந்தது. டயர் தாரைக் கவ்வியது... விடவில்லை. வழுக்க வேண்டிய நேரத்தில் வழுக்காத வண்டி என்ன செய்யும்? உள்பக்கச் சக்கரங்கள் இரண்டும் மேலே எழும்பின. அடுத்த நொடி ஒரு குட்டிக்கரணம். இன்னொன்று. மூன்றாவது கரணத்தில் ஓரத்துத் தடுப்புப் பலகையைத் தாண்டியது.

பலகைக்குப் பின்னால் ஒரு மார்ஷல். கவிழ்ந்த வண்டிகளை நிமிர்த்தி விடுகிற வேலை. அடுத்த பிரிவில் ஓட்டுகிறவர்கள் முறை வைத்து நிற்பார்கள். அந்த முறை அண்ணனின் மகனுடையது. பதினான்கு வயசு.

ஒன்றரைக் கிலோவுக்கு மேல் எடை. என்ன வேகத்தில் மோதியதோ தெரியாது. பையன் "ஐயோ" என்றுகூடச் சொல்லவில்லை, உட்கார்ந்துவிட்டான்.

மேடையிலிருந்து ஓடி இறங்கினேன். முழங்காலுக்குக் கீழே, எலும்பின் பக்கவாட்டில், முட்டை அளவுக்கு வீங்கியிருந்தது. எலும்பு முறியவில்லை. இரண்டு அங்குலம் இந்தப் பக்கம் பட்டிருந்தால் முறிந்திருக்கும். ஐஸ் வைத்துக் கட்டினார்கள். நான் நாலு தடவை மன்னிப்புக் கேட்டேன். பையன் "பரவால்ல அங்கிள், கார் சரியா இருக்கா?" என்றான். அது இன்னும் மோசமாக இருந்தது.

அண்ணன் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. வண்டியை எடுத்து வந்து மேஜைமேல் கவிழ்த்து வைத்து, சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார்.

நான் படபடவென்று, "ஸ்பிரிங்கை மாத்திடறேன் அண்ணே, விங்கைக் குறைச்சு, டயரையும்..." என்று ஸ்பானரை எடுத்தேன்.

என் கையிலிருந்து அதை வாங்கிக் கீழே வைத்தார்.

"காலையில ஆறு மாத்தினீங்க. எது இதைக் கவுத்துச்சு?"

எனக்குத் தெரியவில்லை. அதுதான் உண்மை.

"தெரியலைனா, இப்ப மாத்தப் போற ஆறுல எது காப்பாத்தும்னும் தெரியாது. மறுபடி அங்க ஒரு பிள்ளைதான் நிப்பான், தம்பி."

ஆபீஸில் புரோகிராம் தப்பாக ஓடினால், ஒரு வரியை மாற்றிவிட்டு ஓட்டிப் பார், பிறகு அடுத்த வரி என்று ஜூனியர் பையன்களுக்குப் பாடம் நடத்துகிறவன் நான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் மூளையை வீட்டில் வைத்துவிட்டு வந்துவிடுகிறேன்.

அண்ணன் சட்டைப் பையிலிருந்து சூப்பர் க்ளூ டியூபை எடுத்தார். முன்சக்கர டயர்களின் வெளி ஓரத்தில், பக்கச் சுவரிலும் விளிம்பிலும், ஒரு மெல்லிய கோடாகச் சுற்றித் தடவினார். காய்ந்ததும் அந்த ஓரம் மட்டும் பிளாஸ்டிக் மாதிரி வழவழவென்று ஆகிவிட்டது.

"என்ன அண்ணே, காசு கொடுத்து வாங்கின கிரிப்பை நீங்களே அழிக்கறீங்க?"

"வளைவுல வண்டி சாய்ஞ்சா இந்த ஓரந்தான் தரையைப் பிடிக்கும். பிடிச்சா கவுறும். வழுக்கினா கவுறாது. கிரிப் இல்லாட்டி நேரந்தான் போகும், தம்பி. கிரிப் ஜாஸ்தியானா வண்டியே போகும்."

எனக்கு ஏதோ தலைகீழாகப் புரிந்தது. ஆறு மாதமாக டயர், தைலம், ஸ்பிரிங் என்று நான் செலவழித்த ஒவ்வொரு ரிங்கிட்டும் கிரிப்பை ஏற்றத்தான். இறக்கவும் தெரிய வேண்டும் என்று யாரும் விற்கவில்லை. அதை எப்படி விற்பார்கள்?

ஒரு மாற்றம், ஐந்து ரவுண்ட், ஒரு வரி. அப்படித்தான் அடுத்த ஒன்றரை மணி நேரம் போனது. க்ளூ தடவியதில் பாதி சரியாயிற்று. முன்பக்கம் 40 ஷோர் டயர் போட்டதும் வண்டி மூக்கைக் குத்துவது நின்றது. அந்த டயரைக் கடைசலில் கொடுத்துச் சுற்றளவைக் குறைத்தோம். டயர் சின்னதானால் வண்டி தாழும், ஸ்பாஞ்ச் சுவர் வளைவது குறையும், கவிழ்கிற ஆசையும் குறையும். (கடைசலில் பறந்த தூளில் என் முகம் கரிமூட்டைத் தொழிலாளி மாதிரி ஆகிவிட்டது. இஸ்திரி போட்ட சட்டை வேறு.) பின்பக்கம் 37-க்கே திரும்பினோம். ரிமோட்டில் ஸ்டியரிங் திரும்பும் அளவையும் கொஞ்சம் குறைத்தேன். ஒவ்வொன்றையும் அண்ணன் ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதினார்: நேரம், வெயிலா மேகமா, என்ன மாற்றினோம், என்ன ஆயிற்று.

மூன்று மணிக்கு அண்ணன் எழுந்து நின்று மேற்கே பார்த்தார்.

"பெய்யும்."

எனக்கு ஒரு சின்ன மேகம்தான் தெரிந்தது. அவருக்கு அது பரம்பரை வித்தை. மரப்பட்டை நனைந்தால் அன்றைக்குப் பால் வெட்ட முடியாது, கூலியும் போயிற்று. அவர் அம்மா இருட்டோடு வாசலில் நின்று வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் கத்தியை எடுப்பாராம். "மழை வாசனைன்னா உங்களுக்கெல்லாம் சந்தோஷம். எங்க வீட்ல அன்னிக்கு சாயங்காலக் கணக்கு இடிக்கும்" என்றார்.

மூன்றே முக்காலுக்குக் கொட்டியது. இருபத்தைந்து நிமிஷம். நாள் முழுக்கப் பூசிய ரப்பர் எல்லாம் ஓரத்துச் சாக்கடையில் சாம்பல் நிறத்தில் ஓடியது. பிறகு பளிச்சென்று வெயில்! ஃபைனலை ஐந்தே காலுக்குத் தள்ளி வைத்தார்கள். தார் காய்ந்தது. ஆனால் கிரிப்? காலையில் பார்த்த அதே வாழைப்பழத் தோல்.

பத்து மேஜையில் ஒன்பதில் பரபரப்பு. எல்லாரும் மெது டயருக்கு மாறினார்கள். என் கையும் 35-ஐத் தேடிப் போயிற்று. அண்ணன் தலையை ஆட்டினார்.

"முதல் அஞ்சு நிமிஷத்துக்கு வண்டி வேணுமா, அரை மணிக்கு வேணுமா?"

அவர் கணக்கு இது: ஆரம்பத்தில் வழுக்கும். ஆனால் பத்து வண்டிகள் சேர்ந்து பூசிக்கொண்டே போகும்; பதினைந்தாவது நிமிஷத்தில் கோடு விழுந்துவிடும். மெது டயர்க்காரர்கள் முதலில் பறப்பார்கள். சுத்தமான தாரில் மெது ஸ்பாஞ்ச் சீக்கிரம் தேயும். முடிவதற்குள் டயர் மாற்ற நிற்க வேண்டி வரும். நாம் 37-லேயே போவோம். முன்பக்கம் மட்டும் க்ளூ தடவாத புது 40. பின் விங் ஒரு படி நிமிர்த்து. போதும். "எஞ்ஜினைத் தொடாதீங்க. மழை பெஞ்சதும் ஊசியைத் திருகுறவன் பாதிப் பேரு வழியிலயே நிப்பான்."

பையன் நொண்டிக்கொண்டே போய் அதே வளைவில் நின்றான். வேண்டாம் என்று சொன்னோம். "என் டர்ன் அங்கிள்" என்றான்.

கொடி விழுந்தது. முதல் ஐந்து நிமிஷத்தை ஞாபகப்படுத்திக்கொள்ளவே விருப்பமில்லை. ஐந்தாவதாகக் கிளம்பியவன் கடைசிக்கு வந்தேன். ஒவ்வொரு வளைவிலும் பின்பக்கம் வாலை ஆட்டியது. அந்த வேக வளைவு வரும்போதெல்லாம் என் கண் வண்டியில் இல்லை, பலகைக்குப் பின்னால் இருந்த வெள்ளைக் கட்டில் இருந்தது. ஆக்ஸிலரேட்டர் விரல் தானாகத் தளர்ந்தது. கீழே இருந்து அண்ணன் ஒவ்வொரு எரிபொருள் நிறுத்தத்திலும் ஒரே வார்த்தைதான் கத்தினார்: "இருங்க!"

இருந்தேன். பன்னிரண்டாவது நிமிஷ வாக்கில் வண்டி வாலாட்டுவதை நிறுத்தியது. நான் எதையும் செய்யவில்லை; டிராக் என் வண்டியைத் தேடி வந்துவிட்டது. அந்த வளைவில் உள்சக்கரம் எழும்புகிறதா என்று பார்த்தேன். இல்லை. முன்பக்கம் லேசாக வழுக்கி, கொஞ்சம் அகலமாகப் போய், சமர்த்தாக வெளியே வந்தது. விரலை அழுத்தினேன். மறுபடியும் வந்தது.

பதினெட்டாவது நிமிஷத்தில் முன்னால் போன ஒருவர் டயருக்காக நின்றார். பிறகு இன்னொருவர். ரிம் தெரிகிற அளவுக்குத் தேய்ந்த ஸ்பாஞ்சோடு பிடிவாதமாக ஓட்டிய ஒரு சீனப் பையன் சுவரைத் தேய்த்துக்கொண்டே போனான். இரண்டு வண்டிகள் எஞ்ஜின் அணைந்து ஓரம் கட்டின.

நாலாவது! பத்தில் நாலாவது. கோப்பை மூன்று பேருக்குத்தான். எனக்கு ஒரு தே தாரிக் கிடைத்தது, அதுவும் நான் வாங்கிக்கொடுத்ததில் எனக்குரிய பங்கு.

பையன் நொண்டி நொண்டி வந்து, தேய்ந்த டயர் நாலையும் தனக்கு வேண்டும் என்று எடுத்துக்கொண்டான். அண்ணன் நோட்டை முழங்காலில் வைத்து எழுதி முடித்து, பக்கத்தைக் கிழித்து என்னிடம் கொடுத்தார். போஸ்டிங் முடிந்து திரும்பும்போது வண்டியை விற்றேன், டயர் கடைசலை விற்றேன், அந்தக் காகிதம் மட்டும் பாஸ்போர்ட்டோடு சென்னை வந்து சேர்ந்தது. அதில் கடைசி நான்கு வரிகள்:

'5.15. மழை விட்டு வெயில். தார் காய்ந்தது, கோடு இல்லை.

முன் 40 புதுசு, பின் 37. விங் ஒரு படி.

12 நிமிஷத்துக்கு அப்புறம் நல்லா இருந்துச்சு. கவுறலை.

பையன் கால்: வீக்கம் குறைஞ்சிருக்கு.'