மெயின் போர்டு – 9: கத்தினால் போதுமா?

எர்த் பற்றிய பேச்சு சென்ற வாரத்தோடு முடிந்தது. இந்த வாரம், ஒரே நேரத்தில் பல வீட்டு டிவிகளைக் காவு வாங்கக்கூடிய விஷயம்: நியூட்ரல் போவது.

கம்பத்தில் நியூட்ரல் அறுந்தால், வெவ்வேறு பேஸில் இருக்கும் இரண்டு வீடுகள் 400 வோல்ட்டுக்கு நடுவே வரிசையாக மாட்டிக்கொள்கின்றன. குறைவாகக் கரண்ட் எடுக்கும் வீட்டுக்குத்தான் அடி. ஒரு வீட்டில் 1000 வாட் இஸ்திரிப் பெட்டி, இன்னொன்றில் 100 வாட் குண்டு பல்பு மட்டும் என்று வையுங்கள். பெட்டிக்கு 36 வோல்ட் கிடைக்கும். பல்புக்கு 360-ஐத் தாண்டிவிடும். எம்சிபி காப்பாற்றாது, அது வோல்டேஜைப் பார்ப்பதே இல்லை. ஸ்பைக் பஸ்டருக்குள் இருக்கும் வேரிஸ்டர் கணநேரத் துள்ளலுக்கானது. 360 வோல்ட் நின்று அடித்தால் அதுவே கருகும்.

இதற்கு பஸ்ஸர் வைத்த மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாங்கலாமா? நான் வேண்டாம் என்பேன். அது கத்தி, நீங்கள் எழுந்து, செருப்பைத் தேடி மெயினை அணைப்பதற்குள் டிவி போயிருக்கும். வீட்டில் ஆளே இல்லையென்றால் யாருக்காகக் கத்துவது? இன்னும் கொஞ்சம் பணம் போட்டு, வோல்டேஜ் மீறினால் தானே வெட்டிவிடும் புரொடெக்டரை வாங்குங்கள். எம்சிபி போலவே டிபி பெட்டியில் உட்காரும், வோல்டேஜையும் எண்ணில் காட்டும்.

கடையில் பார்க்க வேண்டியது, அது எத்தனை வோல்ட் வரை தாங்கும் என்பது. 300 வோல்ட்டோடு நிற்கிற சாமானை வாங்காதீர்கள். நியூட்ரல் போனால் முதலில் எரிவது அதுவாகத்தான் இருக்கும். 400-க்கு மேல் தாங்க வேண்டும். வெட்டும் அளவை 265-270ல் வையுங்கள். 250 வரை வருவது நம் ஊரில் சகஜம்; அதற்கே வெட்டினால் இரண்டே நாளில் எரிச்சலில் கழற்றிப் போட்டுவிடுவீர்கள். வெட்டிய பின் மீண்டும் சேர்க்க மூன்று நிமிடம் இடைவெளி கொடுங்கள். ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸரில் கேஸ் அழுத்தம் தணிய அந்த நேரம் வேண்டும்.

கரண்ட் விஷயம் வேறு. அங்கே மணி அடித்தால் பயன் உண்டு, ஏனென்றால் அவகாசம் இருக்கிறது. 16 ஆம்பியர் எம்சிபி 16-ஐத் தாண்டியதும் விழுந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். 18-ல் அது விழாமலே இருக்கலாம். 23-ல்கூட விழுவதற்கு ஒரு மணி நேரம் வரை தரநிலை இடம் கொடுக்கிறது. பழைய வீட்டில் ஒரே லைனில் 2000 வாட் கீசர், இஸ்திரிப் பெட்டி, 1800 வாட் இண்டக்ஷன் அடுப்பு மூன்றும் ஓடினால் 21 ஆம்பியரை ஒட்டி வரும். அந்த நேரமெல்லாம் சுவருக்குள் ஒயரும், லூசான பிளக் பாயிண்டும் சூடேறிக்கொண்டே இருக்கும்.

ஒயரை வளையத்துக்குள் நுழைத்து அளக்கும், பஸ்ஸர் வைத்த மலிவான கருவி இதற்குப் போதும். 14 ஆம்பியரில் கத்தும்படி வையுங்கள், யாராவது போய் கீசரை அணைப்பார்கள். மாட்டும் எலக்ட்ரீஷியனிடம் மட்டும் ஒன்று சொல்லிவிடுங்கள்: வளையத்துக்குள் பேஸ் ஒயர் மட்டும் போக வேண்டும். நியூட்ரலையும் சேர்த்து நுழைத்தால் போவதும் வருவதும் கழிந்து, எவ்வளவு லோடு போட்டாலும் மீட்டர் பூஜ்யம்தான் காட்டும்.