போலியும் வேடமும்: குறைந்த பொருட்செலவில் உருவான அறிவியல் புனைவுத் திரைப்படங்களின் ஈர்ப்பு

ஆய்வுச் சுருக்கம்

குறைந்த பொருட்செலவில் எடுக்கப்பட்ட அறிவியல் புனைவுத் திரைப்படங்கள் பெரும்பாலும் நகைப்புக்குரியனவாகவே மதிப்பிடப்படுகின்றன. ஆயினும் அவை பல பத்தாண்டுகள் கடந்தும் விரும்பிப் பார்க்கப்படுகின்றன. இவ்விருப்பத்தின் காரணத்தை, இத்தாலியப் படங்கள் சிலவற்றோடு காடு (1952), கலை அரசி (1963) ஆகிய தமிழ்ப் படங்களை ஒப்புநோக்கி இக்கட்டுரை ஆராய்கிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியலும் காஞ்சிபுரம் வட்டாரக் கட்டைக்கூத்தும் ஆய்வுக்குரிய அளவுகோல்களாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: அறிவியல் புனைவு, மருட்கை, நகை, ஆக்கம், கட்டைக்கூத்து, கலை அரசி

முன்னுரை

திரைப்படத்தில் ஒரு விண்கலம் தோன்றுகிறது. அது தகட்டால் செய்த சிறு பொம்மை என்பது பார்வையாளருக்குத் தெரிகிறது. தெரிந்தபின்னும் அவர் கண்ணை எடுப்பதில்லை. நம்பாத ஒன்றை ஒருவர் எவ்வாறு விரும்பிப் பார்க்கிறார் என்பதே இக்கட்டுரையின் வினா. ‘மோசமாக இருப்பதால் சிரிக்கிறோம்’ என்பது பொதுவாகக் கூறப்படும் விடை. அவ்விடை நகைப்பை விளக்குகிறது, விருப்பத்தை விளக்கவில்லை.

இத்தாலியப் படங்களின் பின்புலம்

1950களின் இறுதியிலும் 1960களின் முற்பகுதியிலும் இத்தாலியில் புராண வீரர்களைப் பற்றிய படங்கள் பெருமளவில் எடுக்கப்பட்டன. அவற்றுக்கான அரங்கப் பொருள்களும் தொழிற்கலைஞர்களும் அடுத்துவந்த படவகைகளுக்குப் பயன்பட்டனர். அன்டோனியோ மார்கெரித்தி 1960களின் நடுப்பகுதியில் நான்கு விண்வெளிப் படங்களை ஒரே அரங்குகளையும் ஒரே குழுவையும் கொண்டு அடுத்தடுத்து எடுத்து முடித்தார். மாரியோ பாவா 1965இல் ‘பிளானட் ஆஃப் தி வேம்பயர்ஸ்’ என ஆங்கிலத்தில் அறியப்படும் படத்தை இயக்கினார். முந்தைய புராணப் படத்தில் மிஞ்சிய இரண்டு பிளாஸ்டிக் பாறைகளே அதற்குக் கிடைத்தன என்றும், அவற்றை இடம்மாற்றியும் புகையால் சூழ்ந்தும் ஒரு கோளையே உருவாக்கியதாகவும் அவர் பின்னாளில் கூறியுள்ளார்.

1977இல் ‘ஸ்டார் வார்ஸ்’ வெளியான மறு ஆண்டே லூயிஜி கொட்ஸி ‘ஸ்டார்கிராஷ்’ படத்தைத் தந்தார். அதன் வானில் விண்மீன்கள் சிவப்பும் பச்சையும் நீலமுமாக ஒளிர்கின்றன. 1981இல் வந்த ‘எஸ்கேப் ஃப்ரம் நியூயார்க்’, ‘மேட் மேக்ஸ் 2’ ஆகியவற்றின் வெற்றியைத் தொடர்ந்து, என்ஸோ ஜி. காஸ்டெல்லாரி ‘1990: தி பிராங்ஸ் வாரியர்ஸ்’ (1982), ‘தி நியூ பார்பேரியன்ஸ்’ (1983) ஆகிய அதிரடிப் படங்களை இயக்கினார். பின்னதில் அணுப்போருக்குப் பிந்தைய உலகம் வெறும் மணற்பரப்பாகவும் கல்வெட்டுக் குழிகளாகவும் காட்டப்படுகிறது. எதிர்கால ஊர்திகள், வழக்கமான கார்களின்மேல் தகடும் குழாயும் பொருத்தப்பட்டவையே.

இவை பிறர் வெற்றியைப் பின்தொடர்ந்த படங்கள் என்பதில் ஐயமில்லை. இருப்பினும் பொருள் இல்லாத இடத்தைக் கைத்திறனால் நிரப்ப நேர்ந்தமையால், மூலப்படங்களில் காணப்படாத தோற்றங்கள் இவற்றில் உருவாயின. வண்ண விண்மீன்கள் அதற்கு ஒரு சான்று.

தமிழ்ச் சூழல்: காடு, கலை அரசி

சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி. ஆர். சுந்தரம், அமெரிக்க இயக்குநர் வில்லியம் பெர்க்குடன் இணைந்து உருவாக்கிய படம் காடு. ஆங்கிலத்தில் ‘தி ஜங்கிள்’ என வெளியான இதில் ராட் கேமரான், சீசர் ரொமேரோ, மேரி வின்ட்சர் ஆகியோர் நடித்தனர். காட்டு யானைகள் வெறிகொண்டு ஓடுகின்றன. காரணம் தேடிச் செல்லும் குழு, அழிந்துபோனதாகக் கருதப்பட்ட மாமூத யானைகளைக் காண்கிறது. அம்மாமூதங்கள், உரோமப் போர்வை போர்த்தப்பட்ட நம் நாட்டு யானைகளே. பிற நாட்டினர் பொம்மை செய்து காட்ட வேண்டிய விலங்குக்கு இங்கு உயிருள்ள யானையே வேடம் பூண்டது.

கலை அரசி 1963 ஏப்ரலில் வெளிவந்தது. யூரி ககாரின் விண்ணுக்குச் சென்று அப்போது ஈராண்டுகளே ஆகியிருந்தன. தும்பாவிலிருந்து இந்தியாவின் முதல் ஆய்வு ராக்கெட் ஏவப்பட்டது அதே ஆண்டு நவம்பர் 21இல்தான். ஆகவே நாட்டின் விண்வெளி முயற்சிக்கு ஏழு மாதங்கள் முன்பே தமிழ்த் திரையில் விண்பயணம் நிகழ்ந்துவிட்டது எனலாம். படத்தை இயக்கிய ஏ. காசிலிங்கம், மருதநாட்டு இளவரசி (1950) என்னும் அரச கதைப் படத்தையும் இயக்கியவர். இத்தாலியில் புராணப் படத்திலிருந்து விண்வெளிப் படம் கிளைத்ததைப் போல, தமிழிலும் அரச கதை மரபில் பயின்ற கைகளே வேற்றுக்கோளைப் படைத்தன.

கதைப்போக்கும் கருதத்தக்கது. வேற்றுக்கோளினர் நிலத்தையோ செல்வத்தையோ கைப்பற்ற வரவில்லை. தம் கோளில் இசை கற்பிக்கச் சிறந்த கலைஞர் ஒருவரைத் தேடி வருகின்றனர், பி. பானுமதி ஏற்ற வாணி என்னும் பாத்திரத்தைக் கவர்ந்து செல்கின்றனர். எம்.ஜி.ஆர். அவரை மீட்கச் செல்லும் மோகனாகவும், எம். என். நம்பியார் வேற்றுக்கோள் வாசியாகவும் தோன்றுகின்றனர். பானுமதிக்கு உருவ ஒற்றுமையுடைய மற்றொரு வேடமும் உண்டு. கவர்ந்து செல்லல், தேடிச் சென்று மீட்டல், உருவ ஒற்றுமையால் விளையும் மயக்கம் ஆகிய அனைத்தும் தமிழ்ப் பார்வையாளர் நன்கறிந்த கதைக்கூறுகள். விண்வெளி புதிது, கதை பழையது. பழையதைப் பற்றிக்கொண்டே பார்வையாளர் புதியதற்குள் செல்கிறார்.

மருட்கையும் நகையும்

தொல்காப்பியர் கூறும் எண்வகை மெய்ப்பாடுகளுள் மருட்கை ஒன்று. அதற்குப் புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என நான்கு நிலைக்களன்கள் உரைக்கப்படுகின்றன. விண்பயணம் புதுமையின்பாற்படும், மாமூதம் பெருமையின்பாற்படும். மிக நுண்ணியவற்றைக் கண்டு வியத்தலைச் சிறுமை என்பதால், சிறு அளவிலான விண்கலப் பொம்மைகளை இதன்கண் அடக்கலாம். நான்காவதாகிய ஆக்கத்துக்கு, ஒன்று மற்றொன்றாகத் திரிதல் என உரையாசிரியர் பொருள் கொள்வர். யானை மாமூதமாதலும், இரண்டு பாறைகள் ஒரு கோளாதலும் ஆக்கமே.

ஈண்டு ஒரு தடை எழும். மருட்கை என்பது அறிவால் அளந்தறிய இயலாதவற்றைக் கண்டவழித் தோன்றுவது. இப்படங்களிலோ செய்முறை வெளிப்படையாகத் தெரிகிறது. தெரிந்ததைக் கண்டு வியப்பது எங்ஙனம்? வியப்பு இடம்பெயர்கிறது என்பதே இதற்கு விடையாகும். விண்கலத்தின்மீது தோன்றவேண்டிய வியப்பு, அதை அத்துணை எளிய பொருளிலிருந்து ஆக்கிய கையின்மீது தோன்றுகிறது. குறைந்த செலவுப் படங்களில் ஏனைய மூன்றும் நலிய, ஆக்கம் மேலோங்கி நிற்கிறது.

நகைக்கும் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு நிலைக்களன்கள் உள. இப்படங்களை இகழ்வோர் எள்ளலை மட்டுமே அறிகின்றனர். குழந்தை தீப்பெட்டியை இரயிலாக ஓட்டுவதைக் கண்டு பெரியோர் சிரிப்பது எள்ளலன்று. அது இளமை பற்றிய நகை. அச்சிரிப்பில் அன்பும் கலந்துள்ளது. இப்படங்களைப் பலமுறை பார்ப்போரின் சிரிப்பு பெரிதும் இவ்வகையைச் சார்ந்தது.

கட்டைக்கூத்துப் பயிற்சி

நகையும் மருட்கையும் ஒருங்கு தோன்றும் இந்நிலை, காஞ்சிபுரம் வட்டாரப் பார்வையாளருக்குத் திரைப்படத்தால் மட்டும் வந்ததன்று. இவ்வட்டாரத்தில் வழங்கும் கட்டைக்கூத்தில், கண்ணாடித் துண்டுகளும் வண்ணத்தாளும் பதித்த மரக்கட்டைகளே மணிமுடியும் தோளணியும் ஆகின்றன. இருவர் பிடித்த துணித்திரையின் பின்னிருந்து பாடி வெளிப்படும் உழவரோ கூலித்தொழிலாளரோ விடியும்வரை துரியோதனனாக நிற்கிறார். திரௌபதி அம்மன் கோயில் பாரதத் திருவிழாவின் இறுதியில், மண்ணால் தரையில் வனைந்த பேருருவே படுகளத்துத் துரியோதனன். அது மண் என்பதை அறியாதார் எவருமிலர். ஆயினும் வீமன் அதன் தொடையைப் பிளக்கும்போது கூட்டம் சிலிர்க்கிறது. மண்ணையும் மன்னனையும் ஒருசேரக் காணும் பயிற்சி அங்கு வாய்க்கிறது. பொம்மையையும் விண்கலத்தையும் ஒருசேரக் காண்பது அப்பயிற்சியின் தொடர்ச்சியே.

போலியும் வேடமும்

காஞ்சிபுரத்துப் பட்டு வணிகம் இங்கு ஒரு தெளிவைத் தருகிறது. அசல் சரிகை என்பது பட்டிழையின்மேல் வெள்ளி சுற்றிப் பொன்முலாம் பூசப்பெற்றது. செம்பிழையை அசல் எனக் கூறி விற்றால் அது ஏமாற்று. அங்கு மாற்றுப்பொருள் தன்னை மறைத்துக்கொள்கிறது. கூத்தின் கண்ணாடித் துண்டு தன்னை மணி என்று விலைகூறுவதில்லை. மணியாக விளங்குமாறு பார்வையாளரின் ஒப்புதலைக் கோருகிறது. முன்னது போலி, பின்னது வேடம்.

இத்தாலிய இயக்குநர்கள் சிலர் அமெரிக்கப் படமெனக் கருதப்படும்பொருட்டு ஆங்கிலப் பெயர்களைச் சூட்டிக்கொண்டனர். மார்கெரித்தி ‘அந்தோனி டாசன்’ ஆனார்; கொட்ஸி ‘லூயிஸ் கோட்ஸ்’ ஆனார். விளம்பரத்தாளில் இது போலியே. ஆனால் படம் தொடங்கிய சில நிமிடங்களில் தகடும் குழாயும் உண்மையைச் சொல்லிவிடுகின்றன. பெயரில் போலியாகத் தொடங்கியது காட்சியில் வேடமாக முடிகிறது. பார்வையாளர் மன்னிப்பதும் விரும்புவதும் அவ்விடத்திலேயே நிகழ்கின்றன.

இவ்வேறுபாடு அனைத்து எளிய படங்களையும் உயர்த்திவிடாது. அக்கறையின்றி எடுக்கப்பட்ட படத்தில் வேடமும் இல்லை, ஆக்கமும் இல்லை. செலவின் குறைவு ஈர்ப்பைத் தருவதில்லை; அக்குறைவை எதிர்கொண்ட உழைப்பு திரையில் தெரிவதே ஈர்ப்பைத் தருகிறது. அண்மைக் காலத்தில் ஆர். ரவிக்குமார் இயக்கிய இன்று நேற்று நாளை (2015), ஒரு காலப்பயணக் கருவியையும் நேர்த்தியான கதையையும் கொண்டே வரவேற்பைப் பெற்றமை இதனை உறுதிப்படுத்துகிறது.

முடிவுரை

குறைந்த செலவு அறிவியல் புனைவுப் படங்களின் ஈர்ப்பு, ஆக்கம் பற்றிய மருட்கையும் இளமை பற்றிய நகையும் ஒருங்கு நிகழ்வதால் பிறக்கிறது. அதனை எள்ளலாக மட்டும் காணும் மதிப்பீடு, பெருஞ்செலவுப் படங்களின் அளவுகோலைப் பொருந்தா இடத்தில் வைக்கிறது. இதன் விளைவு மதிப்பீட்டோடு நிற்பதில்லை. முதல் தமிழ்ப் பேசும்படமான காளிதாஸ் (1931) படச்சுருளே இன்று கிடைக்கவில்லை. பெருமைக்குரிய படத்துக்கே அந்நிலை எனில், நகைப்புக்குரியவை என ஒதுக்கப்பட்டவற்றைக் காக்க முன்வருவோர் அரியர். எதைப் பேணுவது என்பதை எதை மதிக்கிறோம் என்பதே முடிவுசெய்கிறது. கூத்தின் மரமுடியை அருங்காட்சியகத்தில் வைத்துப் போற்றும் நாம், உரோமம் போர்த்த யானையையும் அதே மரபின் படைப்பாக ஏற்று ஆராய்தல் வேண்டும்.