‘செய்தால்’ என்பதா, ‘செய்து’ என்பதா: கொரியவியலில் ஒரு மாணவர் தேறும் விதம்

கொரியாவின் மொழி, வரலாறு, பண்பாடு ஆகியவற்றை ஆராயும் கொரியவியலுக்குத் தொலைக்காட்சித் தொடர்களாலும் பாடல்களாலும் ஈர்க்கப்பட்டு வரும் மாணவர்கள், ஹங்குல் எழுத்தைச் சில நாள்களிலேயே எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகிவிடுகின்றனர். ஆனால் மன்னர் செஜோங் 1443இல் உருவாக்கி 1446இல் வெளியிட்ட அந்த எழுத்து வழக்குக்கு வந்த பின்னரும், அரசும் கற்றோரும் 19ஆம் நூற்றாண்டின் இறுதிவரை பெரும்பாலும் செவ்வியல் சீனத்திலேயே எழுதிவந்ததால், வரலாற்று ஆய்வை நாடும் மாணவர் கொரிய மொழிக்கு மேல் இன்னொரு மொழியையும் கற்றாக வேண்டும். கொரியர்கள் அதை ஹான்முன் என்பர்.

ஹான்முன் ஆவணங்களில் சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி இராது, நிறுத்தக்குறியும் இராது. மரபான பாடமுறையில் மாணவர் ஆசிரியரின் முன்னிலையில் உரக்கப் படித்து, வாக்கியம் நிற்கும் இடந்தோறும் அங்கே எழுதப்படாத கொரிய இடைச்சொல்லைத் தாமே சேர்த்துச் சொல்ல வேண்டும். ‘ம்யோன்’ என்பது தமிழின் ‘-ஆல்’ போல நிபந்தனையைக் காட்டும். ‘ஹாகோ’ என்பது ‘செய்து’ போல அடுத்த வினையோடு இணைக்கும். விளைச்சலையும் வரியையும் பற்றிய ஒரு தொடரில் முன்னதைச் சேர்த்தால் ‘விளைச்சல் குன்றினால் வரி குறையும்’ என்று விதியாகும். பின்னதைச் சேர்த்தால் ‘விளைச்சல் குன்றி வரி குறைந்தது’ என்று நடந்து முடிந்த செய்தியாகிவிடும். சீன எழுத்துகள் இரண்டுக்கும் அவையேதாம். மாணவர் எங்கே தடுமாறினார் என்பது அந்த ஓர் இடைச்சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் ஆசிரியருக்குப் புலப்பட்டுவிடுவதால், இப்பயிற்சிக்கு ஈடாக வேறெதையும் சொல்வது கடினம்.

இந்த இடைச்சொற்கள் தமிழருக்கு அயலாகத் தோன்றாமைக்குக் காரணம், இரு மொழிகளும் சொல்லின் ஈற்றில் உருபுகளை ஒட்டி வினையை இறுதியில் வைப்பவை என்பதே. ஹோமர் ஹல்பர்ட் 1905இல் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஓர் இலக்கணமே எழுதினார். ‘அப்பா’ போன்ற சொற்களைச் சுட்டி இரு மொழிகளுக்கும் உறவு உண்டு என்று இன்றும் பலர் பேசுகின்றனர். தாய் தந்தையரைக் குறிக்கும் சொற்கள் தொடர்பற்ற மொழிகளிலும் ஒத்திருக்கும் என்பதாலும், உறவை நிறுவத் தேவையான சீரான ஒலி ஒப்புமைகள் கிடைக்காததாலும், மொழியியலாளர் அதை ஏற்பதில்லை. விரும்பும் முடிவையும் சான்றின்றி ஏற்காதிருக்கப் பழக்குவதும் நெறியாளரின் கடமையே.

அமெரிக்காவில் இத்துறை வேரூன்றியதும் இத்தகைய ஆசிரிய மாணவத் தொடர்ச்சியால்தான். ஹார்வர்டில் 1958 முதல் கற்பித்த எட்வர்ட் வாக்னர், கொரிய அறிஞர் சோங் ஜுன்-ஹோவுடன் சேர்ந்து, கொரியாவை ஆண்ட ஜோசோன் அரசின் உயர்நிலைத் தேர்வில் வென்ற 14,000க்கும் மேற்பட்டோரின் குடிவழிகளைப் பல்லாண்டுகள் தொகுத்தார். அவரிடம் பயின்ற ஜேம்ஸ் பலாய்ஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஒரு தலைமுறை வரலாற்றாசிரியர்களை உருவாக்க, அவர்களுள் ஒருவரான கார்ட்டர் எக்கர்ட் ஹார்வர்டுக்கே ஆசிரியராக வந்தார்.

கொரிய அரசும் 1978இல் கொரியவியல் கழகத்தையும், 1991இல் கொரியா அறக்கட்டளையையும் நிறுவி, அயல்நாட்டு மாணவர்க்கு உதவித்தொகையும் பல்கலைக்கழகங்களுக்கு ஆசிரியப் பணியிடங்களும் கிடைக்க வழிசெய்துள்ளது. பணத்தால் வாங்க முடியாதது, ஒரு பக்கத்தைத் திருத்த அரைநாள் உடன் அமரும் ஆசிரியரின் பொறுமை.

1392 முதல் 1863 வரையிலான 25 ஜோசோன் மன்னர்களின் ஆட்சிப் பதிவான ‘சில்லோக்’ 1993இல் தென்கொரியாவில் முழுமையாக இக்காலக் கொரியத்தில் பெயர்க்கப்பட்டு, இணையத்தில் இலவசமாகவே கிடைப்பதால், மூலத்தைத் தொடாமல் ஆய்வேடு எழுதிவிடும் ஆசை மாணவர்க்கு எழுவது இயல்பு. அரசச் செயலகத்தின் நாட்குறிப்போ, 1623க்குப் பிந்திய பகுதி மட்டுமே எஞ்சியும், விரைவெழுத்துப் போல ஓடும் கையெழுத்தில் ஏறத்தாழ 24 கோடி எழுத்துகள் கொண்டது. அதன் மொழிபெயர்ப்பு இன்னும் முடியவில்லை.