சூரன் மயிலானான், சாத்தான் என்ன ஆனான்?

"சூரபத்மன் பண்ணாத அட்டகாசமா? அவனையே நம்ம முருகன் மயிலும் சேவலுமா ஆக்கிப் பக்கத்துல வெச்சுக்கிட்டாரு. உங்க ஆண்டவர் அன்பே உருவானவருங்கறீங்க. அந்தச் சாத்தானை மட்டும் ஏன் தம்பி மன்னிக்காம விட்டாரு?"

கேட்டவர் ஒரு செம்பூர்க்கார அக்கா. சஷ்டி வந்தால் சேடா நகர் திருச்செம்பூர் முருகன் கோயில் படி ஏறுவார். புதன்கிழமை வந்தால் மாஹிம் சர்ச்சில் சகாய மாதா நவநாளுக்கு நிற்பார். இரண்டுக்கும் நடுவே அவருக்கு எந்தச் சண்டையும் கிடையாது; மும்பைத் தமிழர் வீடுகளில் இது புதுசும் இல்லை. நவநாள் முடிந்து தாராவிப் பக்கம் நடந்து வந்து, ரெண்டு கட்டிங் டீ சொல்லிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்ததும் கேட்டார். போகிற போக்கில் கேட்ட கேள்விதான். ஆனால் ஆயிரத்து எண்ணூறு வருஷமாகக் கிறிஸ்தவ ஞானிகள் மல்லுக்கட்டி வரும் கேள்வியும் இதுவேதான்.

கேட்ட நேரமும் பொருத்தம். மாஹிமில் கூட்டம் கூடுவது மாதாவுக்காக. 1948 செப்டம்பர் 8ஆம் தேதி தொடங்கிய நவநாள் இன்றைக்கும் புதன்கிழமை தோறும் சாலையை அடைத்துக்கொண்டு நடக்கிறது. கோயிலோ மாதா பெயரில் இல்லை. போர்த்துகீசியர் 16ஆம் நூற்றாண்டில் கட்டியது, பலமுறை மாறி, இப்போது நிற்கும் கட்டடம் 1973இல் எழுந்தது. பெயர் மட்டும் அதிதூதர் மிக்கேலுடையதுதான். மிக்கேல் சொரூபத்தை நம் ஊர்ப் பக்கமும் பார்த்திருப்பீர்கள்: இறக்கை விரித்த போர்வீரர், கையில் ஈட்டியோ வாளோ, சில இடங்களில் தராசு, காலுக்கடியில் நெளிகிற ஒருவன். அக்கா விசாரித்தது அந்த மிதிபடுகிற ஆளைப் பற்றி. வாசலில் மெழுகுக் கை, மெழுகுக் கால், மெழுகு வீடு விற்கிறவர்களிடம் பேரம் பேசி உள்ளே நுழைகிறவர்களில் எத்தனை பேருக்கு, தாங்கள் போவது சாத்தானை விரட்டியவர் வீட்டுக்கு என்பது ஞாபகம் இருக்குமோ!

திருநெல்வேலியிலிருந்து தாராவிக்கு வந்த எங்கள் வீட்டுக் கிழவிகள் சொன்ன கதை சுருக்கமானது. சம்மனசுகளிலேயே, அதாவது தேவதூதர்களிலேயே, அழகான சம்மனசு லூசிபேர். கர்வம் தலைக்கேறி ஆண்டவர் சிம்மாசனத்துக்கே ஆசைப்பட்டான். மிக்கேல் சம்மனசானவர் அவனையும் அவன் பேச்சைக் கேட்டவர்களையும் மோட்சத்திலிருந்து தள்ளிவிட்டார். விழுந்தவர்கள் பசாசுகள் ஆனார்கள். கதை முடிந்தது, படுத்துத் தூங்கு.

இந்தக் கதையை பைபிளில் தேடினால் ஒரே இடத்தில் அகப்படாது. ஆதியாகமத்தில் பாம்பு வருகிறது; அது யாரென்று அந்த அத்தியாயம் சொல்வதில்லை. யோபு புத்தகத்தில் சாத்தான் கடவுளின் சபைக்கே வந்து, யோபுவின் பக்தி உண்மைதானா என்று சோதிக்க அனுமதி கேட்டு வாங்கிப் போகிறான். ஏசாயா 14ஆம் அத்தியாயத்தில் விடிவெள்ளி ஒன்று வானத்திலிருந்து விழுகிறது. ஆனால் அங்கே கேலிக்கு ஆளாவது பாபிலோன் ராஜா. எசேக்கியேல் 28இல் ஏதேன் தோட்டத்தில் ரத்தினங்களோடு உலவியவனும் தீரு பட்டணத்து ராஜாதான். இந்த ராஜாக்களுக்குப் பின்னால் இன்னொருவன் நிழல் தெரிகிறது என்று படித்தவர்கள் பிற்காலத்துத் திருச்சபைத் தந்தையர். மிக்கேல் போர் புரிவது பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தலில், 12ஆம் அத்தியாயத்தில். பழைய பாம்பும் பிசாசும் சாத்தானும் ஒரே ஆள்தான் என்று பட்டவர்த்தனமாகச் சொல்வதும் அங்கேதான். அதே அத்தியாயத்தில் வலுசர்ப்பத்தின் வால் நட்சத்திரங்களில் மூன்றில் ஒரு பங்கை இழுத்துப் போடுகிறது. தேவதூதரில் மூன்றில் ஒரு பங்கு விழுந்தார்கள் என்று பிரசங்கத்தில் கேட்கிறோமே, அந்தக் கணக்கு வந்த வழி இதுதான்.

இதெல்லாம் போக ஏனோக்கு என்ற பழைய யூத நூல் ஒன்று உண்டு. எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் சபை இன்றும் அதைத் தன் வேதத்தில் வைத்திருக்கிறது. அதில் கதையே வேறு. 200 தூதர்கள் பெண்கள் மேல் ஆசைப்பட்டு எர்மோன் மலையில் இறங்குகிறார்கள். இறங்கியவர்கள் மனிதருக்கு வாளும் கேடயமும் செய்யக் கற்றுக்கொடுக்கிறார்கள்; கூடவே கண்ணுக்கு மை தீட்டவும் கற்றுக்கொடுக்கிறார்கள். ஆயுதமும் அலங்காரமும் ஒரே குற்றப்பத்திரிகையில்! எழுதியவர் வீட்டில் கண்ணாடிக்கு முன்னால் யாரோ ரொம்ப நேரம் நின்றிருக்க வேண்டும்.

அக்கா சிரித்துவிட்டு, "அப்போ எதைத்தான் நம்பறது?" என்றார்.

திருச்சபை கதையின் எல்லா நகாசுகளையும் கட்டாயமாக்கவில்லை. 1215இல் ரோமில் கூடிய நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் இந்த விஷயத்தில் தீர்த்துச் சொன்னது கொஞ்சம்தான். பிசாசைப் படைத்தவரும் கடவுளே. படைத்தபோது அது நல்லதாகவே இருந்தது. கெட்டது அதன் சொந்தச் செயலால். அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் நல்லதற்கு ஒரு தெய்வம், கெட்டதற்கு ஒரு தெய்வம் என்று போதித்தவர்கள் இருந்தார்கள். அவர்களுக்குச் சொன்ன பதில் அது. சாத்தானைக் கடவுளுக்குச் சரிசமமான எதிராளியாக்கிப் பேசும் பிரசங்கங்களை நானும் நிறையக் கேட்டிருக்கிறேன். மைக் அலறும், ஆள் கூடும். போதனைப்படி அது சரியில்லை. சாத்தானும் ஒரு படைப்பு. அவனுக்கு எதிரே நிற்கத் தகுந்தவர் மிக்கேல், அவரும் ஒரு படைப்பு. கடவுள் அந்தச் சண்டைக் களத்தில் இறங்குவதே இல்லை.

அவன் செய்த பாவம் என்ன? முதல் நூற்றாண்டுகளில் சிலர் பொறாமை என்றார்கள்: மண்ணில் பிசைந்த மனிதனுக்கு இவ்வளவு மரியாதையா என்ற எரிச்சல். தாராவியில் பக்கத்து வீட்டு பாயிடம் கேட்டால் அவரும் கிட்டத்தட்ட இதையே சொல்வார். ஆதமுக்குத் தலைவணங்க மறுத்த இப்லீஸ், நான் நெருப்பால் ஆனவன், அவன் களிமண் என்றான் என்று குர்ஆனிலும் வருகிறது. அகுஸ்தீன் 'கடவுளின் நகரம்' எழுதியபோது (413 முதல் 426 வரை எழுதினார்) ஆணவமே முதல் பாவம், பொறாமை அதற்குப் பிறந்தது என்று வரிசைப்படுத்தினார். மேற்கில் அதுவே நிலைத்தது. தன்னிடம் இருந்த வெளிச்சம் தனக்குக் கொடுக்கப்பட்டது என்பதை ஏற்க மறுத்தான், அவ்வளவுதான். கலகம் என்றதும் நமக்குப் படை, கொடி, முழக்கம் எல்லாம் தோன்றுகிறது. அதில் பெரும்பகுதி 1667இல் வந்த மில்டனின் காவியம் நம் கண்ணில் ஏற்றிவைத்த காட்சி.

இனி அக்காவின் கேள்வி. எட்டாம் நூற்றாண்டில் தமாஸ்கு நகரத்து யோவான் என்ற துறவி ஒரு விடை சொன்னார்: மனிதனுக்கு மரணம் எப்படியோ, தேவதூதருக்கு அந்த வீழ்ச்சி அப்படி. செத்த பிறகு மனிதனுக்கு மனம் திரும்ப நேரமில்லை. விழுந்த பிறகு தூதருக்கு நேரமில்லை. 13ஆம் நூற்றாண்டில் தோமா அக்குவினாஸ் இதற்குக் காரணம் கண்டுபிடிக்க உட்கார்ந்தார். அவர் பதில் எனக்குப் பிடித்தமானது. மும்பைக்காரருக்குச் சுலபமாகப் புரியும்.

செம்பூரில் வண்டி ஏறி மாஹிம் போக வேண்டும் என்று வையுங்கள். வடாலாவில் இறங்கி மாற வேண்டும். பேச்சு சுவாரசியத்தில் விட்டுவிட்டால் சிவ்ரியில் இறங்கித் திரும்பி வரலாம். தப்பான பிளாட்பாரத்தில் நின்றால் பக்கத்து ஆள் சொல்லிக்கொடுப்பார். நாம் எதையும் ஸ்டேஷன் ஸ்டேஷனாகத்தான் தெரிந்துகொள்கிறோம். அதனால்தான் தப்பும் செய்கிறோம், திருத்தியும் கொள்கிறோம். தோமா சொல்லும் தேவதூதருக்கு உடம்பு இல்லை, மறதி இல்லை, படிப்படியாக யோசிக்கும் வேலை இல்லை. பார்த்த மாத்திரத்தில் முழுத் தடமும் தெரியும். அப்படி எல்லாம் தெரிந்து, யாரும் ஏமாற்றாமல், முழு மனதோடு எடுத்த முடிவை மாற்ற அவருக்குப் புதிதாகத் தெரியவர என்ன பாக்கி இருக்கிறது? கடவுள் மன்னிக்கவில்லை என்பதைவிட, அவன் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டான் என்பதே போதனையின் சாரம். 1992இல் வெளியான கத்தோலிக்க மறைக்கல்வி நூலும் 393ஆம் பத்தியில் இதையே சொல்கிறது: அவர்கள் பாவம் மன்னிக்கப்படாதிருப்பதற்குக் காரணம் கடவுளின் இரக்கத்தில் குறை இருப்பதல்ல, அவர்கள் தேர்வு திரும்பப் பெற முடியாதது.

"முருகன் சூரன் கிட்ட சம்மதம் கேட்டாரா என்ன? வேலை விட்டாரு, மாமரம் ரெண்டாச்சு, மயிலாச்சு" என்றார் அக்கா.

வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. கந்தபுராணத்தில் அருள் ஆயுதமாக வந்து ஆளையே மாற்றிவிடுகிறது. கிறிஸ்தவ போதனையில் கடவுள் யாருடைய மனதையும் பிளந்து மாற்றுவதில்லை. எது பெரிய கருணை என்று அக்காவும் நானும் இன்னொரு டீ வரைக்கும் வாதாடினோம். எனக்கே சில நாள் சூரன் கட்சியில் சேரத் தோன்றும்.

அப்படித் தோன்றியவர்கள் சபைக்குள்ளேயே இருந்தார்கள். மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் ஒரிகன், முடிவில் எல்லாம் கடவுளிடமே திரும்பும் என்று எழுதியதை, சாத்தானும் திரும்புவான் என்று பலர் புரிந்துகொண்டார்கள். தான் அப்படிச் சொல்லவில்லை என்று அவர் மறுத்தும் பெயர் ஒட்டிக்கொண்டது. நான்காம் நூற்றாண்டில் நீசாவின் கிரகோரி, தீமையைத் தொடங்கியவனுக்கும் ஒருநாள் குணமாகும் என்று வெளிப்படையாகவே எழுதினார். 543இல் பேரரசர் ஜஸ்டினியன் முன்முயற்சியில் கான்ஸ்டான்டிநோபிள் சங்கம், பேய்களின் தண்டனைக்கு ஒருநாள் முடிவு வரும் என்ற கருத்தைக் கண்டித்தது. ஒரிகன் பெயர் கெட்டது. கிரகோரி இன்றும் புனிதர்தான். திருச்சபைக்கும் மனசு இருக்கிறது.

தண்டனை என்ன என்பதில் ஜனங்களுக்கு இரண்டு குழப்பம் உண்டு. ஒன்று, சாத்தான் நரகத்துக்கு ராஜா என்பது. மத்தேயு 25இன்படி அந்த நெருப்பே அவனுக்காகவும் அவன் தூதருக்காகவும் மூட்டப்பட்டது. அவன் அங்கே அதிகாரி இல்லை, முதல் கைதி. பேதுருவின் இரண்டாம் கடிதமும் யூதாவின் கடிதமும் அவர்களை இருட்டில் சங்கிலியிட்டு வைத்திருப்பதாகச் சொல்கின்றன. பேதுருவின் முதல் கடிதமோ அவன் சிங்கம் போல் சுற்றித் திரிவதாகச் சொல்கிறது. சங்கிலியும் வேண்டும், சுற்றவும் வேண்டும் என்றால் எப்படி? எங்கே போனாலும் தண்டனை கூடவே போகிறது என்று சமாதானம் சொன்னார் தோமா. அறிவு, பலம் எதுவும் அவர்களுக்குக் குறையவில்லை. போனது கடவுளின் அருகாமை. கூர்மையான புத்தி அப்படியே இருக்க, அதை வைத்து நல்லதொன்றும் விரும்ப முடியாத நிலை. எண்ணெய்க் கொப்பரைப் படங்களைவிட இது பயங்கரம்.

இரண்டாவது குழப்பம் நம் ஊர்ச் சரக்கு. அகால மரணமடைந்தவர் பேயாக அலைவார் என்பது திருநெல்வேலி நம்பிக்கை. கிறிஸ்தவ போதனைப்படி பிசாசு என்பது செத்த மனுஷர் ஆவி கிடையாது. அது எப்போதுமே மனிதனாக இருந்ததில்லை. இந்த எல்லைக்கோட்டை மிஷனரிகளே அழித்துவிட்டார்கள். 1849இல் கால்டுவெல் திருநெல்வேலி சாணார் பற்றி எழுதிய ஆங்கில நூலில் சுடலைமாடன் வகைத் தெய்வங்களின் வழிபாட்டைப் பேய் வழிபாடு என்றே பெயரிட்டார். அந்த நூல் அந்தச் சமூகத்தில் கிளப்பிய கோபம் பிரசித்தம். இன்றும் ஊரில் கொடை வந்தால் அதைப் பிசாசு காரியம் என்று திட்டிவிட்டு, தாராவிச் சந்தில் மாடன் கோயிலைத் தாண்டும்போது மட்டும் வேகமாக நடக்கிற சொந்தக்காரர்கள் எனக்கு உண்டு. விழுந்த தூதரைப் பற்றிய போதனைக்கும், பாட்டன் கும்பிட்ட காவல் தெய்வத்தை ஏசுவதற்கும் சம்பந்தமில்லை என்பது என் கட்சி.

மனிதக் கலகத்துக்குப் போதனை வேறு கணக்கு வைத்திருக்கிறது. எபிரேயர் கடிதம் இரண்டாம் அத்தியாயம், கிறிஸ்து கைதூக்கிவிட வந்தது தூதரை அல்ல, ஆபிரகாமின் சந்ததியை என்கிறது. இதற்கு மாஹிம் கோயிலே ஒரு சாட்சி. 1853இல் இதே மிக்கேல் கோயில் யாருக்கு என்று பெரிய தகராறு. கோவாவைச் சார்ந்த போர்த்துகீசிய அதிகாரத்தின் கீழ் போகவேண்டும் என்றது ஒரு கூட்டம். ரோமின் நேரடிப் பிரதிநிதியான ஆயர் அனஸ்தாசியுஸ் ஹார்ட்மன், விடமாட்டேன் என்று ஆட்களோடு கோயிலுக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே இருந்தவர்கள் சாப்பாடு போகாமல் முற்றுகையிட்டார்கள். 15 நாள் கழித்து அரசு அதிகாரிகள் தலையிட்டுக் கதவைத் திறந்து, கோயிலை எதிர்த்தரப்புக்கே கொடுத்தார்கள். மிக்கேல் சொந்த வீட்டிலேயே யார் கலகக்காரர் என்று தீர்ப்புச் சொல்லவில்லை! பம்பாயில் அந்த இரட்டை அதிகாரம் 1928இல் ஒருவழியாக ஒழிந்தது. எழுபத்தைந்து வருஷத்தில் பிடிவாதக்காரர்கள் செத்தார்கள், அவர்கள் பேரப்பிள்ளைகளுக்கு ஒரே ஆயர் வந்தார். காலம் என்று ஒன்று ஓடுகிறவர்களுக்குத்தான் இதெல்லாம் நடக்கும்.

"அப்போ மனுஷங்க யாரும் நரகத்துல இல்லைங்கறீங்களா?"

அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் கத்தோலிக்கத் திருச்சபை ஆயிரக்கணக்கானவர்களை மோட்சத்தில் இருப்பதாகப் பெயர் சொல்லி அறிவித்திருக்கிறது. இன்னார் நரகத்தில் இருக்கிறார் என்று ஒரு மனிதப் பெயரைக்கூட இதுவரை அறிவித்ததில்லை. யூதாஸ் பெயரையும் சேர்த்து.